மதிலைத் தாண்டி ஒரு பெயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. 'எபிரேய வேதத்துப் பெண் ஒருத்தி தரும் ஐந்து தலைமைப் பாடங்கள்' என்று ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்டவர், அக்கா வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் மேலாளர். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்பும் இடம் அது. அக்கா அங்கே சூப்பர்வைசர். ஊழியர்களுக்கான பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதாம். "உங்க தம்பி சும்மாதானே இருக்காரு" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் சும்மா இல்லை, எழுத்தாளன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்களுக்கே இன்னும் விளக்கி முடிக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை பத்து மணிக்குக் கட்டுரை அவர் மேஜைக்குப் போயாக வேண்டும். அதே பத்து மணிக்கு அக்காவும் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தாக வேண்டும். அந்தத் தாளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: தலைமை என்பது

(அடித்துவிட்டேன். 'என்பது' என்று தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: ராஜாவை எதிர்த்துக் கலகம் செய்த ஒருவன் தப்பியோடி, மதில் சூழ்ந்த ஓர் ஊருக்குள் ஒளிந்துகொண்டான். துரத்தி வந்த தளபதி ஊரை வளைத்து மதிலை இடிக்கத் தொடங்கினான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். தளபதியைக் கிட்டே வரச் சொல்லுங்கள், அவரிடம் பேச வேண்டும் என்றாள்.

இது பரவாயில்லை. பாடங்களும் தானாகவே வந்தன. ஒன்று, எல்லோரும் வாயடைத்து நிற்கும்போது நீ பேசு. இரண்டு, முடிவெடுக்கிறவனையே கூப்பிட்டுப் பேசு. மூன்று, நீ சொல்வதை அவன் கேட்கிறானா என்று உறுதிசெய்துகொள். நான்கு, அவனுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடி. தளபதிக்கு வேண்டியது ஊர் அல்ல, உள்ளே இருக்கும் ஒரே ஓர் ஆள்.

நான்கையும் அரை மணி நேரத்தில் முடித்து, பேனாவை மூடிவிட்டுக் காபி குடித்தேன். (வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். மற்ற மூன்றும் அழகுக்கு இருக்கின்றன.)

3

ஐந்தாவது பாடத்தில் மாட்டிக்கொண்டேன். அந்த ஆளை மட்டும் ஒப்படைத்தால் போய்விடுகிறேன் என்றான் தளபதி. அவன் தலை மதிலுக்கு மேலாக உங்களிடம் எறியப்படும் என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் ஊராரிடம் போய்ப் பேசினாள். தலை வந்து விழுந்தது. படை திரும்பிப் போனது, ஊர் பிழைத்தது.

தளபதி கேட்டது ஆளை. தலை என்று முதலில் சொன்னவள் இவள். அதுவும் ஊரைக் கேட்பதற்கு முன்பே. பயிற்சிப் புத்தகத்தில் இதை எப்படி எழுதுவது? ஐந்து, தேவைப்பட்டால் ஒருவனை

(விட்டுவிட்டேன்.)

[ஓரக் குறிப்பு: ஒளிந்திருந்தவன் நல்லவன் அல்ல. அவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. அவனிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா என்று மட்டும் தேடினேன். அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.]

4

இப்போது அக்காவின் தாள்.

போன வியாழக்கிழமை சலவைக்கூடத்தின் பெரிய இஸ்திரி உருளையின் மேலுறை கிழிந்துபோனது. ஒரு தலையணை உறைக்குள் கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரித் துணியில் எதுவும் வரும். கத்தரிக்கோல், ஊசி, ஒருமுறை பல் செட்டுகூட வந்தது. அதனால் அழுக்குத் துணியை முதலில் ஒரு நீள மேஜையில் கொட்டி, பதினான்கு பேர் தடவிப் பார்த்துப் பிரிப்பார்கள். அங்கே தப்பிய கத்தரிக்கோல்தான் உருளை வரைக்கும் போய்விட்டது. இரண்டு நாளாக ஆஸ்பத்திரிக்கு விரிப்புகள் போகவில்லை. மேலாளர் அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டே கோடுகள்: 'பெயர்', 'காரணம்'. திங்கள் பத்து மணிக்குள் ஒரு பெயர் வராவிட்டால் மேஜையில் இருக்கும் பதினான்கு பேரும் வேலையை விட்டுப் போக வேண்டும்.

அந்த உறையைத் தடவிப் பார்த்தது யாரென்று அக்காவுக்குத் தெரியும். அவரை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. வேலையில் சேர்ந்த நாளில் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில் வந்து நின்றதால் வைத்த பெயர். உருளையிலிருந்து வரும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர். இந்த வருஷம் அவருடைய மடிப்பில் மூலைகள் சேராமல் போனதை அக்கா கவனித்தாள். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் அவரைத் துணி பிரிக்கும் மேஜைக்கு மாற்றினாள். அங்கே கண் அவ்வளவாகத் தேவையில்லை, கை போதும். அவர் கையில் ஒரு குண்டூசிகூடத் தப்பியதில்லை.

போன மாதம், ஊசி குத்தக்கூடாது என்று எல்லோருக்கும் தடித்த கையுறை கொடுத்தார்கள். போட்டே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவள் அக்கா. விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவர் கழற்றப் பார்த்தபோதெல்லாம் அதட்டிப் போட வைத்தவளும் அவள்தான்.

5

(இந்த இடத்தில் அக்காவை வீரப் பெண்ணாகக் காட்டும் ஒரு பத்தி எழுதினேன். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள்.)

இன்று காலையில் அக்கா மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்தாள். கதவைத் திறந்தவர், குரலைக் கேட்ட பிறகுதான் அடையாளம் கண்டுகொண்டாராம். தாளைப் பற்றி அக்கா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பதிலை யோசித்தே வைத்திருந்தார்.

"என் பேர எழுதிடுங்க மேடம். எனக்காகப் பதிமூணு பேர் தெருவுக்கு வர வேண்டாம். கண்ணு தெரியலன்னு மட்டும் எழுதாதீங்க. அப்புறம் என்னை எங்கயும் உள்ளயே விட மாட்டாங்க."

திரும்பி வந்தவளிடம் என் நான்கு பாடங்களையும், பாதியில் நிற்கும் ஐந்தாவதையும் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. அந்த ஊருக்குள்ள ஒளிஞ்சவனுக்குக் கதவத் திறந்துவிட்டது யாருடா?"

அதைப் பற்றியும் எதுவும் எழுதப்படவில்லை என்றேன்.

"அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) மாப்பிள்ளையின் பெயர், காரணம் 'கவனக்குறைவு'. பதிமூன்று பேர் பிழைக்கிறார்கள். மேலாளர் என் கட்டுரையைப் பாராட்டுகிறார்.

(ஆ) அக்காவின் பெயர். அப்புறம் இந்த வீட்டு வாடகையை எழுத்தாளன் கொடுப்பான். (சிரிக்காதீர்கள்.)

(இ) பதினான்கு பேரும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதி ஒன்றாகக் கொடுக்கிறார்கள். இது சினிமாவில் நடக்கும். அந்தப் பதினான்கு பேரில் நான்கு பேருக்கு ஒருவரோடு ஒருவர் பேச்சே கிடையாது.

எனக்கு (அ)தான் வேண்டும் என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

7

அக்கா எதிரில் வந்து உட்கார்ந்து தாளை விரித்திருக்கிறாள். யார் பெயரை எழுதப் போகிறாய் என்று கேட்டேன்.

"மொதல்ல காரணத்த எழுதறேன். நடந்தத நடந்த மாதிரி. எழுதி முடிச்சா யார் பேர் வரணும்னு தெரிஞ்சிடும்."

அவர் கண்ணைப் பற்றி?

"கையுறையிலேர்ந்து ஆரம்பிக்கறேன்டா. கண்ணு வராம முடிக்க முடியுதான்னு பாக்கறேன்."

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்தாவது பாடத்துக்கு விட்ட இடம் மேலே அப்படியே இருக்கிறது, நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களிடம் பேனா இருக்கும். இங்கே எழுதுகிற பேனா ஒன்றுதான், அதற்காக அக்கா கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். கொடுத்துவிட்டால் நான் இதற்கு மேல்