வெயிலில் இறங்கிய ஆறு

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. ஸன்ஸ்கார் பனிமலைப் பள்ளத்தாக்கில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே, ஆற்றின் அக்கரையில் நின்ற புருஷனைப் பார்த்து ஒருத்தி கத்தினாள்: “தண்ணியப் பாத்து நடுங்குறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?” என் காதில் விழுந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: ‘ஆறு கோபத்தோடு…’

வேண்டாம். ஆற்றுக்கு ஏது கோபம்? பகல் வெயிலில் மேலே உருகும் பனி, சாயங்காலம்தான் இங்கே வந்து சேரும். அதனால் காலையில் கடப்பார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் ஆற்றில் காலை வைக்கமாட்டார்கள். [இதைக் கதையில் எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.]

3

அவளுக்கு லாமோ என்று பெயர் வைத்தேன். புருஷன் நுர்பு. பாலத்தைப் போன கோடையிலேயே வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நேற்று மாலை மேய்ச்சலிலிருந்து திரும்பியவன், ஏறிய தண்ணீரைப் பார்த்து அக்கரையிலேயே தங்கிவிட்டான். அதற்குத்தான் அந்த வசவு. இன்று காலையிலாவது வந்திருப்பான். யாக் மாடு ஒன்று மலைமேல் ஓடிவிட்டது.*

* ஓட்டிவிட்டது நான்தான். அவனைச் சாயங்காலம்வரை நிறுத்திவைக்க வேறு வழி தெரியவில்லை.

4

சாயங்காலமாகியும் மண்டையைப் பிளக்கும் வெயில். தண்ணீர் ஏற வேண்டிய நேரம். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. முழுகிக் கிடந்த பாறைகள் ஈரத்தோடு வெளியே தெரிந்தன. லாமோவுக்கு முதலில் சந்தோஷம். அப்புறம்தான் யோசித்தாள். இத்தனை வெயிலில் உருகிய தண்ணீர் எங்கே போயிற்று? மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு உடைந்தால்…

மாட்டைத் தேடிவிட்டு அக்கரைக்குத் திரும்பிய நுர்பு கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டான்.

“யோவ், வராதே! திரும்பிப் போ!”

ஆற்றின் இரைச்சல் அடங்கியிருந்ததால் அவனுக்கு நன்றாகவே கேட்டது. “ஏன், வேற ஆம்பள கிடைச்சிட்டானா?”

“மேல அடைச்சிருக்குய்யா! இந்த வெயில்ல தண்ணி இறங்குமா? யோசிச்சுப் பாரு!”

“முழங்கால் தண்ணிடீ! இப்ப நடுங்குறது யாரு?”

ராத்திரி முழுக்க அந்த வசவை மென்றுகொண்டு கிடந்தவன் அவன். வேறெதுவும் காதில் ஏறவில்லை.

5

முடிவு ஒன்று: அவன் கரையேறுகிறான், வெள்ளம் அப்புறம் வருகிறது. எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: [அடித்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது.]

மூன்றாவதில் லாமோ கத்துவதை நிறுத்துகிறாள். அவனுக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து ஓடுகிறாள். வாய்ப்பேச்சை நம்பாதவன் இந்த ஓட்டத்தையாவது நம்பட்டும். திரும்பிப் பார்த்தால் விளையாட்டென்று நினைத்துவிடுவான். அழுதுகொண்டே, திரும்பாமல் ஓடுகிறாள்.

நடு ஆற்றில் நுர்பு நின்றுவிட்டான். பொண்டாட்டி ஓடுவதையே பார்க்கிறான். இரண்டு கரையும் ஒரே தூரம்.

நானும் திரும்பிப் பார்க்காமல் அவள் பின்னால் ஓடுகிறேன். கரையில் நிற்பது நீங்கள் மட்டும்தான். சொல்லுங்கள், அவன் எந்தப் பக்கம் காலை எடுத்து வைத்தான்?