கம்பியின் முறுக்கு

சலவை ஆலையின் கொதிகலன் வெடித்து இஸ்திரிக்காரர் செத்துப்போனார். மூன்று பேர் வெந்து கிடந்தார்கள். ஆலையில் பழுதுபார்க்கும் தம்பியை நான்காம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். அவனுடைய அண்ணன்தான் அந்தக் கொதிகலனை ஓட்டியவன்.

கொதிகலனின் தலையில் ஒரு துளை உண்டு. அதன் மேல் ஒரு மூடி, மூடியை அழுத்திப் பிடிக்க ஓர் இரும்புத் தண்டு, தண்டின் முனையில் எடைக்கல். ஆவி அளவுக்கு மீறினால் கல்லையும் தூக்கிக்கொண்டு மூடி திறக்கும். ஆவி புஸ்ஸென்று வெளியே போய்விடும். சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் மூடி தேய்ந்துவிட்டால் ஆவி சதா கசியும், அழுத்தம் ஏறாது, இஸ்திரி மேசைகளிலிருந்து கத்துவார்கள். அந்தக் கத்தல் பொறுக்காமல் யாரோ தண்டைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

"செத்தவன்தான் கட்டினான்னு சொல்லிடு," என்றான் அண்ணன், வராந்தாவில். "அவன் எழுந்து வந்து இல்லேங்கப் போறானா?"

"அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்கண்ணே. மூணு பேரை வேகவச்சவன் குடும்பம்னு காலம் பூரா பேசுவாங்களே."

"உன் அண்ணி மட்டும் தெருவுல நிக்கணுமா? உனக்கு மூக்கு ஒழுகினப்ப துடைச்சுவிட்டவன்டா நான். எனக்கே நியாயம் சொல்ல வந்துட்டான், பெரிய துரை!"

உள்ளே அதிகாரி கம்பித் துண்டை மேசையில் வைத்தார். அண்ணனும் வந்து கதவோரம் நின்றான்.

"இதை இஸ்திரிக்காரர்தானே கட்டினாரு?"

தம்பி கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இது இடக்கை முறுக்கு."

"அப்படின்னா?"

அவன் விளக்கினான். வலக்கைக்காரன் குறடு பிடித்தால் கம்பி கடிகார முள் போகும் பக்கம் சுற்றும், அந்தப் பக்கம்தான் மணிக்கட்டுக்கு வலு. இடக்கைக்காரனுக்கு நேர் எதிர். வேறொரு கம்பித் துண்டை எடுத்து முறுக்கியும் காட்டினான். கேட்காததையெல்லாம் சொன்னான். விளக்கம் முடிகிறவரை பெயரைச் சொல்ல வேண்டியதில்லையே.

"சரிப்பா, புரிஞ்சுது. இஸ்திரிக்காரர் இடக்கையா?"

"இல்ல சார்."

"வேற யாரு?"

"ஆலையில ஒருத்தர்தான் சார். எங்கண்ணன்."

அதிகாரி எழுதத் தொடங்கினார். அண்ணன் கத்தவில்லை. "வீட்டுச் சாவியைக் குடுத்துடு," என்றான்.

தம்பி எவ்வளவு திருகியும் வளையத்திலிருந்து சாவி வரவில்லை. அண்ணனே வாங்கி, பொறுமையாகக் கழற்றிக்கொண்டு, மற்றச் சாவிகளைத் திருப்பித் தந்தான்.