ஐம்பது நிமிஷத் தூரம்

நகரத்திலிருந்து தீவுக்கு நானூறு கிலோமீட்டர்; விமானத்தில் ஐம்பது நிமிஷம். டிக்கெட் போடும் கடையில் பதினோரு வருஷமாக அக்கா இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தீவின் கடிகாரம் இங்கத்ததைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அதனால் தீவிலிருந்து திரும்பும் டிக்கெட் ஒவ்வொன்றிலும் புறப்படும் நேரத்தைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, "இது அங்கத்த மணி, மறந்துடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்வாள். அப்படியும் விமானத்தைக் கோட்டைவிடுகிறவர்களை அவள் மனுஷராகவே மதிப்பதில்லை.

தீவில் குடித்தனம் நடத்தும் தம்பியிடம் மட்டும் அவளுடைய ஐம்பது நிமிஷம் செல்லுபடியாகாது. அம்மா நெஞ்சுவலியோடு படுத்து மூன்று வாரம் ஆகியும் துரை எட்டிப் பார்க்கவில்லை.

"கடல் தாண்டி வரணும்க்கா. எவ்ளோ தூரம்!"

"தூரமா? வீட்லேருந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறி வர எனக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகுதுடா. யாரு காதுல பூ சுத்துற?"

இப்போது அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே போகுமுன் மகன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்; அம்மா கேட்டது அது ஒன்றுதான். அக்காவே டிக்கெட் போட்டாள். அதை அனுப்பினால் ரத்து செய்துவிட்டு ஏதாவது சாக்குச் சொல்வான். அவன் புத்தி அவளுக்குத் தெரியாதா? டிக்கெட்டைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு செய்தி மட்டும் அனுப்பினாள்: "நாளைக்குக் காலைல எட்டு மணி விமானம். கவுண்டர்ல அடையாள அட்டையக் காட்டினா போதும். வந்து தொலை."

மறுநாள் ஒன்பதரை ஆயிற்று. தம்பியைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. பத்தரைக்கு ஆபரேஷன். பத்து மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"நீயெல்லாம் ஒரு பிள்ளையா? பெத்தவ வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. கல்நெஞ்சக்காரா! இனிமே அக்கானு கூப்பிட்ட, செருப்பு பிஞ்சிடும்!" நடைபாதையில் நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அக்கா சட்டை செய்யவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றான் தம்பி. "எட்டு மணி விமானத்துக்கு ஏழு மணிக்கே வந்து நின்னேன். அது என் கண்ணு முன்னாடியே கெளம்பிப் போச்சு. ரெண்டு மணி நேரமா ஒவ்வொரு கவுண்டரா கெஞ்சிட்டிருக்கேன். அடுத்தது சாயங்காலந்தானாம். நீ எழுதினது எந்த ஊரு எட்டுக்கா?"

அக்கா பையைத் துழாவி டிக்கெட்டை எடுத்தாள். புறப்பாடு ஏழு மணி. எட்டுக்குக் கிளம்பி எட்டு ஐம்பதுக்கு இறங்குவான் என்று கோபத்தில் இங்கத்த மணியை எழுதிவிட்டிருக்கிறாள். டிக்கெட்டில் சிவப்புச் சுழி இல்லை.

"பேசேன் இப்ப! வாய்கிழியப் பேசுவியே!" தம்பியின் குரல் உடைந்தது. அவள் போனை அணைத்தாள்.

கட்டிலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"வரலையா?"

நான்தாம்மா தப்பா எழுதிட்டேன் என்ற சொல் தொண்டைவரை வந்தது.

"அவனத் திட்டாதடி," என்றாள் அம்மா. "பாவம், அவன் என்ன பண்ணுவான்? எவ்ளோ தூரம்."

கட்டில் நகர்ந்தது. அக்கா கதவுவரை கூடவே நடந்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "ரொம்பத் தூரம்."