முத்துப்பேச்சி தட்டுகிற வளைவு

மாடிப்படி ஏறி வந்த சின்னச்சாமி, கிளினிக் வாசலில் நின்று போர்டை இரண்டு தடவை படித்தார். காது கேட்கும் திறன் சோதனை, காது மிஷின், காதுக்கு அளவெடுத்து அச்சு, பிறந்த பிள்ளைகளுக்குச் சோதனை, பேச்சுப் பயிற்சி, தலைசுற்றல், காதிரைச்சல். இத்தனை இருந்தும் அவர் தேடி வந்தது அதில் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு காகிதம். இந்த ஆளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும் காகிதம்.

கம்பத்திலிருந்து மலை ஏறி ஏலத் தோட்டத்துக்குப் பெண்களைக் கொண்டுபோகும் ஜீப்புக்கு அவர் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்க சர்டிபிகேட் கேட்டுப் போன இடத்தில், டாக்டர் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். சின்னச்சாமி பாட்டுக்குச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேனிக்குப் போய்க் காதைச் சோதித்துவிட்டு வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார். காகிதம் இல்லாவிட்டால் ஜீப் இல்லை. ஜீப் இல்லாவிட்டால் தான் எதற்கு என்று அவருக்கே தெரியாது.

மணி பன்னிரண்டரை. நான்கு மணிக்கு மலைமேல் தோட்டத்தில் இருக்க வேண்டும். காலையில் இறக்கிவிட்ட பதினாலு பெண்களும் தோட்டத்து வாசலில் காத்து நிற்பார்கள். காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. ஏழாவது வளைவில், சாரலும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில், ஒரு பஸ் திடீரென்று முகத்துக்கு நேரே வந்து நின்றது. நடுவில் ஒரு சாண்தான். "ஹார்ன் அடிக்காம வாரியே, கண்ணு பொட்டையா?" என்று இறங்கிப் போய்க் கத்தினார். பஸ்காரன் ஸ்டியரிங் நடுவில் வைத்த கையை எடுக்காமல் அவரையே வெறித்துப் பார்த்தான்.

உள்ளே காதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் தேவயானி, வடுகபட்டிப் பெண். முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேசினாள்; உதட்டசைவிலேயே அவருக்குப் புரிந்தது. அவரைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா அமுக்குங்கண்ணே. எம்புட்டு மெல்லிசா இருந்தாலும் அமுக்குங்க."

கதவு மூடியது. வெறும் நிசப்தம். ஆனால் சின்னச்சாமி மலை ரோட்டில் பழுத்த ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மிஷினைத் தொடும்போதெல்லாம் வலது தோள் லேசாக அசைவதைக் கண்டுபிடித்துவிட்டார். தோள் அசைந்தது, அமுக்கினார். அசைந்தது, அமுக்கினார். மீசைக்குள் சிரிப்புகூட வந்தது.

தேவயானி எழுந்து வந்தாள். அவருடைய நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். இப்போது எதிரே வெள்ளைச் சுவர்தான். இருக்கட்டும், தாளம் தெரியாதா என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் விடவில்லை.

கதவு திறந்தது. அவள் அவர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசி ரெண்டு நிமிசம் நான் ஒரு சத்தமும் அனுப்பலண்ணே. நீங்க ஆறு தடவ அமுக்கிருக்கீக."

சின்னச்சாமிக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. "ஆத்தா, ஒன்னயக் கும்பிட்டுக் கேக்கேன். எழுதிக் குடுத்துரு. காது மந்தம்னாலும் எனக்குக் கண்ணு இருக்கு."

"வளைவுக்கு அங்கிட்டு வார வண்டி கண்ணுக்குத் தெரியுமாண்ணே? ரெண்டு காதும் ரொம்பப் போயிருக்கு. மிஷின் போட்டுப் பாக்கலாம். திரும்பச் சோதிச்ச பெறகு டாக்டர் என்ன சொல்றாகளோ, அதுதான். இப்ப நான் பொய் எழுத மாட்டேன்."

"ரெண்டு வருசமா இந்தக் காதோடதான் ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே!"

"எதிர்க்க வண்டி வந்தா எப்படித் தெரிஞ்சுக்கிருவீக?"

"முன் சீட்டுல முத்துப்பேச்சின்னு ஒரு பொம்பள உக்காரும். சரியான பயந்தாங்கொள்ளி. வளைவு வந்தா டேஷ்போர்டுல படபடன்னு தட்டும். அது தொல்லைக்காகவே நான் ஒதுங்கி நின்னுருவேன்."

"எல்லா வளைவுலயும் தட்டுவாகளா?"

"இல்ல. வண்டி வார வளைவுல மட்டுந்தான்..."

வண்டி வருவது முத்துப்பேச்சிக்கு மட்டும் எப்படி முன்னாலேயே தெரியும்?

வளைவு நெருங்கினால் பின்னால் இருக்கிற பெண்கள் பேச்சை நிறுத்துவதைக் கண்ணாடியில் எத்தனை நாள் பார்த்திருக்கிறார். தன் மேல் உள்ள மரியாதை என்று டீக்கடையில் பீற்றியிருக்கிறார். பதினைந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் கேட்டிருக்கிறார்கள். வாய்விட்டுச் சொன்னால் அண்ணன் பிழைப்பு போய்விடும் என்று கையால் தட்டியிருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

முத்துப்பேச்சி இன்று வரவில்லை. மகள் பிரசவத்துக்கு மயிலாடும்பாறை போயிருக்கிறாளாம். நேற்று இறங்கும்போது அவர் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னாள். அவரும் வழக்கம்போலக் காதில் விழாமலே தலையை ஆட்டிவைத்தார். காலையில் அந்த பஸ்காரனின் கை எங்கே இருந்தது? ஹார்ன் மேல்தான். வண்டி நின்ற பிறகும் அவன் அதை அமுக்கிக்கொண்டுதான் இருந்தான்.

சுவர்க் கடிகாரம் ஒன்றரையைக் காட்டியது. ஜீப் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிறகு செல்போனில் ஜீப் முதலாளி லிங்கேஸ்வரனின் எண்ணைத் தேடிப் போட்டு, அதைத் தேவயானியிடம் நீட்டினார்.

"நாலு மணிக்கு வேற டிரைவரை மேல அனுப்பச் சொல்லு ஆத்தா. இறக்கத்துல பதினாலு உசுரு."

"என்ன காரணம்னு கேப்பாகளேண்ணே?"

"சின்னச்சாமிக்குக் காது கேக்காதுன்னு சொல்லு" என்றார். இரண்டு வருஷமாக அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. "நீயே பேசிரு. அவுக என்ன வைதாலும் எனக்குக் கேக்காது."