வெள்ளி பெயிண்ட்

தேவை என்று வந்தால்தான் தம்பியின் வாயில் "அக்கா" என்ற சொல் வரும். அன்றைக்கு அவளுடைய பாலிஷ் பட்டறை வாசலில் நின்றுகொண்டு இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் பாலிஷ் சக்கரத்தை நிறுத்தவில்லை. பறக்கிற கறுப்புப் பொடி அவன் வெள்ளைச் சட்டையில் நன்றாகப் படியட்டும் என்று வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினாள். அந்த அற்ப சந்தோஷம் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவன் கொண்டுவந்த பெட்டியில் அப்பாவின் பழைய காரிலிருந்து கழற்றிய அலுமினிய சாமான்கள் இருந்தன. வால்வு மூடி, காற்றுக் குழாய், பிறகு இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வெளியேறும் இடத்தில் உட்காரும் உள்ளங்கை அளவுத் தண்ணீர் மூடி.

"கண்ணாடி மாதிரி முகம் தெரியணும். அப்பாவை முன்சீட்ல உக்கார வச்சு ஊரைச் சுத்தப் போறேன்," என்றான்.

"உன் ஒர்க்‌ஷாப்ல அத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தனுக்கும் கை இல்லையா?"

"எவனும் அலுமினியத்தைத் தொட மாட்டேங்கிறான். நீதான் இதுல பெரிய ஆளாச்சே." ஒரு நொடி விட்டு, சிரித்துக்கொண்டே சொன்னான்: "கார் ஓட்டறதுலதான் உனக்கு ராசியில்லை."

வந்துவிட்டது. வந்த கால் தரையில் ஊன்றுவதற்குள் அதைச் சொல்லாவிட்டால் அவனுக்குத் தலை வெடித்துவிடும்.

லைசென்ஸ் வாங்கிய புதிதில் அக்கா அந்தக் காரை ஓட்டிப் போனாள். மேடு ஏறும்போது தண்ணீர் மூடி விரிசல் விட்டு, ஆவி பீறிட்டு, அவள் ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுபோனது. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி மூடியை வெடிக்க வைத்துவிட்டாள் என்றார் அப்பா. ஊற்றவே இல்லை என்று அவள் தலைகீழாக நின்று சொல்லியும் யார் காதிலும் ஏறவில்லை. அப்பா வெல்டிங்கில் பேர் எடுத்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான். காரின் மேல் தார்ப்பாயைப் போட்டார். சின்ன வயதிலிருந்து கூடவே நின்று வேலை பழகியவளை இனி ஒர்க்‌ஷாப் பக்கம் வராதே என்றார். ஸ்பேனர் எந்தப் பக்கம் திருகும் என்றுகூடத் தெரியாத தம்பியின் கைக்கு ஒர்க்‌ஷாப் சாவி போனது.

அதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவள் வீட்டுக்குக் கிளம்ப எழுந்தால் போதும், "கார் சாவியை எடுத்து உள்ள வைங்கப்பா" என்று யாராவது ஒரு சித்தப்பா குரல் கொடுப்பார். வீடே சிரிக்கும். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன் இதோ எதிரே நிற்கிறான்.

"முதல்ல சின்னதைப் பண்ணிக் காட்டு. உன் கை எப்படின்னு பாத்துட்டு மத்ததைத் தர்றேன்," என்றான். அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தும் கொண்டான்.

தண்ணீர் மூடியை எடுத்துப் பார்த்தாள். மேலே தடிமனாக வெள்ளி பெயிண்ட், அதைப் பிளந்துகொண்டு ஒரு விரிசல்.

"உன் கைங்கரியம்தான். விரிசலை நான் அப்புறம் அடைச்சுக்கறேன்," என்றான் தம்பி. "அப்பா என்னடான்னா இதை மட்டும் தொடாதே, பெயிண்ட் மேலயே இன்னொரு பெயிண்ட் அடிச்சாப் போதும்கிறாரு. வயசாச்சில்ல, எதுக்கெடுத்தாலும் முரண்டு. அவருக்குத் தெரியாமத்தான் கொண்டுவந்தேன்."

பதில் பேசினால் கையில் இருப்பது அவன் மண்டையை நோக்கிப் பறக்கும். தின்னரில் ஊறவைத்துப் பெயிண்டை உரித்தாள். தண்ணீர் தொட்டு, சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாள்வரை தேய்த்தாள். பிறகு சக்கரத்தில் மெழுகுக் கட்டியைக் காட்டி, மூடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினாள். கறுப்புச் சேறு வழிந்தது. துணியால் துடைத்ததும் அடியிலிருந்து வெளிச்சம் வந்தது.

ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மங்கலாகவே நின்றது.

"என்ன, பாதியில விட்டுட்டே?" என்றான் தம்பி.

மறுபடி ஓட்டினாள். சுற்றிலும் பளபளத்தது, பட்டை சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. அங்கே வெல்டிங் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறது; அந்தக் கம்பி வேறு உலோகம். எவ்வளவு தேய்த்தாலும் அது மூடியின் நிறத்துக்கு வராது. விரிசல் சரியாக அந்த ஒட்டின் ஓரத்தைப் பிடித்தே ஓடியிருந்தது.

மூடியைத் திருப்பி, உட்புறத்தில் படிந்திருந்த உப்புக் காறையைச் சுரண்டினாள். வெளியே அரத்தால் ராவி மழுப்பியவர் உள்ளே அப்படியே விட்டிருந்தார். வரிவரியாக ஒட்டு, முடிகிற இடத்தில் கொஞ்சம் பின்னால் திரும்பி வந்து ஒரு குமிழ். வீட்டு கேட்டில் அந்தக் குமிழ் உண்டு. அவளுடைய முதல் சைக்கிளின் ஸ்டாண்டில் உண்டு. அப்பாவைத் தவிர வேறு யாரும் ஒட்டை அப்படி முடிப்பதில்லை.

"கார் நின்னதுக்கப்புறம் யாராவது இதைக் கழட்டினாங்களா?"

"யாரு கழட்டுவா? தார்ப்பாயையே போன மாசம் நான்தான் எடுத்தேன். போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு..." பாதியில் நிறுத்தினான். எழுந்து வந்து மூடியைப் பார்த்தான். அந்தக் குமிழ் அவனுக்கும் தெரியும்.

"அப்போ நான் ஓட்டறதுக்கு முன்னாடியே இது உடைஞ்சு, அப்பா ஒட்டியிருக்காரு. அவரு ஒட்டு விட்டுப்போச்சு. பழி எனக்கு."

"சரி விடு, பழைய கதை. பெயிண்ட் அடிச்சிடலாம்," என்று மூடியைப் பிடுங்கப் பார்த்தான்.

"முகம் தெரியணும்னு கேட்டியேடா! தெரியுது பாரு!"

"கத்தாதே. இதை வச்சுக்கிட்டு ஒர்க்‌ஷாப்ல பங்கு கேக்கலாம்னு பாக்கறியா?"

அவன் பயமெல்லாம் அதில்தான் இருந்தது.

"பங்கு இல்லடா. முழுசாக் கேப்பேன். என்ன பண்ணுவே?"

மூடியோடு தெருவில் இறங்கி அப்பா வீட்டுக்கு நடந்தாள். தம்பி, "அவருக்கு நெஞ்சு வலி, ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தான். இதற்கும் அவள்தான் பொறுப்பாம்.

அப்பா முன்னறையில் சாய்வாக உட்கார்ந்திருந்தார். அவள் மூடியை அவர் மடியில் வைத்தாள். ஏதாவது சொல்வார் என்று நின்றாள். இல்லை என்று சாதித்தால்கூடப் போதும், சண்டை போட வசதியாக இருக்கும்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. அவர் கட்டைவிரல் நேராக மூடியின் உள்ளே போய் அந்தக் குமிழின் மேல் உட்கார்ந்தது. அக்காவை அவர் பார்க்கவே இல்லை. மூச்சிரைக்க வாசலில் நின்ற மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சாப் போதும்னு உன்கிட்ட சொன்னேன்ல?" என்றார்.

சுவரில் ஆணியில் ஒர்க்‌ஷாப் சாவி தொங்கியது. அக்கா எட்டி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். அதை உள்ளே எடுத்து வைக்கச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.