படியேற முடியாதவர்களுக்கு

ஜெயம்மாள் வீட்டுக்கு வெள்ளைக்காரர்கள் வரப்போகும் சேதி தெருவில் முதலில் எனக்குத்தான் தெரியும். அவள் மருமகள் புவனா நாலு நாற்காலி கேட்டு வந்தாளே. எட்டு மாத வயிற்றோடு அவளைத் தூக்க விடுவேனா? நானே கொண்டுபோய்ப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தும்விட்டேன். என் நாற்காலிதானே.

ஜெயம்மாள் மகன் பரந்தாமனுக்கு உல்லாசக் கப்பலில் துணிக்கு இஸ்திரி போடும் வேலை. 2006இல் அந்தக் கப்பல் ஒரு நாள் சென்னைத் துறைமுகத்தில் நின்றது. பயணிகளில் வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் அலைச்சல் இல்லாமல் சுற்றிப் பார்க்க ஏதாவது இடம் உண்டா என்று மேலதிகாரி கேட்க, இவன் திருத்தணியை எழுதிக் கொடுத்திருக்கிறான். படியேற வேண்டாம், வேன் மலைமேலேயே போகும். இறங்கி வந்ததும் அடிவாரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் வெந்நீரில் கால் நனைத்து, மோர் குடித்து இளைப்பாறலாம். அது தன் வீடு என்பதை மட்டும் எழுதவில்லை. கெட்டிக்காரன்.

ஒன்றரை வருஷமாக ஜெயம்மாள் அவனோடு பேசுவதில்லை. பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் கடல் தாண்டக் கூடாது. தாண்டினான். முதல் குழந்தை செத்துப் பிறந்தது. நடுவில் லீவில் வந்தபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அவனுக்குச் சோறு போட்டாள். இப்போது மறுபடியும் எட்டு மாதம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பல் திரும்பி வர நாலு மாதம் ஆகும்.

வேனிலிருந்து ஐந்து கிழடுகளும் ஒரு பிள்ளைத்தாச்சியும் இறங்கினார்கள். அந்தப் பெண்ணும் புவனாவும் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பரந்தாமன் வெள்ளைச் சட்டையில் மண்டியிட்டு, பிளாஸ்டிக் டப்பில் ஒவ்வொருவர் காலாக நனைத்தான். ஜெயம்மாள் எல்லோர் கையிலும் மோர் கொடுத்தாள். அவன் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

சமையலறை வாசலில் புவனா மெதுவாகக் கேட்டாள். நான் கிட்டத்தில்தான் இருந்தேன்.

"பாவா, இந்த வாட்டியாவது இருந்துடேன்."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் புவனா. பாதில எறங்கினா திரும்பச் சேத்துக்க மாட்டாங்க."

வந்தவர்களில் மூத்த அம்மாள் புவனாவின் வயிற்றைத் தொட்டு என்னவோ கேட்டாள்.

"மொதல் கொழந்தையான்னு கேக்கறாங்க," என்றான் பரந்தாமன், யாரையும் பார்க்காமல்.

புவனா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயம்மாள் அந்த அம்மாளைப் பார்த்தே பேசினாள்.

"இல்லன்னு சொல்லு. மொதல்ல ஒரு ஆம்பளப் புள்ள. மூச்சில்லாம பொறந்துச்சுன்னு சொல்லு."

சொன்னான்.

"வீட்ல ஆம்பள கிடையாது. பொம்பள சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. இருந்தாலும் என் பழைய சேலையில சுத்தி நான்தான் எடுத்துக்கினு போனேன். இதையும் சொல்லு."

பரந்தாமனுக்கே இது தெரியாது. தெருவில் யாருக்கும் தெரியாது. அன்றைக்குக் கூடப் போய்க் குழி தோண்டிய இன்னொரு பொம்பளை நான். இந்த ஊரில் நான் யாரிடமும் சொல்லாத சேதி அது ஒன்றுதான்.

அவன் துண்டு துண்டான இங்கிலீஷில் சொல்லி முடித்தான். அந்த அம்மாள் ஜெயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"கொழந்தையோட அப்பா எங்க இருந்தார்னு கேக்கறாங்க."

ஜெயம்மாள் இப்போதுதான் மகன் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு."

"ஐ வாஸ் அயர்னிங், மேடம்," என்றான். என் இங்கிலீஷுக்கே புரிந்தது.

வேன்காரன் ஹாரன் அடித்தான். பரந்தாமன் ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "வரேன்" என்றான். மீட்டர் பார்க்க வருகிறவன்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகிறான்.

"வயசானவங்க. பத்திரமா கப்பல்ல ஏத்தி வுட்டுட்டு வா," என்றாள் ஜெயம்மாள்.

மறுநாள் காலை நாற்காலிகளை எடுக்கப் போனேன். வேறெதற்கும் இல்லை. மூன்று சுவரோரம் அடுக்கியிருந்தன. நாலாவதில் அதே வெள்ளைச் சட்டையோடு பரந்தாமன், கால் இரண்டும் டப்பில். ஜெயம்மாள் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்கடா?" என்று கேட்டேன்.

"கப்பலோட போயிடுச்சு அத்தே."

"வேலை?" கேட்காமல் எப்படி இருப்பது?

"ஆங், அதுவும்தான்."

ஜெயம்மாள் நிமிராமல் சொன்னாள். "மணியம்மை, அந்த ஒரு நாற்காலி மட்டும் இங்க கெடக்கட்டும். பிரசவம் ஆவறவரைக்கும்."

மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.