கட்டியவர் கீழே நிற்க வேண்டும்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் கணவர் ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவின் ஜெனரல். போன மாதம் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழா மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள், வீட்டில் எழுத்தாளர் ஒருத்தி சும்மாதானே இருக்கிறாள் என்று. நான் எழுதிய முதல் வரி:

குண்டு மழைக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்ற அந்த வீரர்...

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு இது? எனக்குத் தெரிஞ்சவரா?"

2

எளிய குடும்பத்தில் பிறந்து, படிப்படியாக உயர்ந்து...

(வேண்டாம். எல்லா ஜெனரலும் படிப்படியாகத்தான் வருகிறார்கள். மாடிக்கு வேறு வழி ஏது.)

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். வெள்ளம் கொண்டுபோன பாலத்துக்குப் பதிலாக இரும்புப் பாலம் ஒன்று கட்டினார். அப்போது இளம் கேப்டன். அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: முதல் லாரி ஏறும்போது கட்டிய அதிகாரி பாலத்துக்கு அடியில் நிற்க வேண்டும். கூட யாரும் நிற்கக்கூடாது.

லாரியின் முன்சக்கரம் ஏறியது. தலைக்கு மேல் இரும்பு முனகுவது இவர் காதில் விழுந்தது. உடனே சிவப்புக் கொடியை ஆட்டினார். திறப்பு விழா நின்றது, மேடையில் இருந்தவர்களின் முகம் கறுத்தது.

"ஒரு இணைப்பு ஆணி முழுசா இறங்கல சார். பாத்திருக்க வேண்டியது நான். தப்பு என்னோடதுதான்."

பதவி உயர்வு தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து, "டிரைவர் நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அன்று எனக்கு வந்த கர்வம், பிற்பாடு அவர் தோளில் ஏறிய எந்த நட்சத்திரத்துக்கும் வரவில்லை.*

* 'கர்வம்' என்ற சொல்லை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை. காகிதத்தில் நான்தான் மேலதிகாரி.

4

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மகளும் அதே பிரிவில் கேப்டன். அவள் கட்டிய முதல் பாலத்துக்கு இன்று திறப்பு விழா. மேடையில் எங்களுக்கு முன்வரிசை நாற்காலி. அழைப்பிதழின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஒன்று: ஜெனரல் மேடையிலிருந்து இறங்கிப் போய் மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார். (படிப்பவர் கண் கலங்கும். மகள் ஜென்மத்துக்கும் பேசமாட்டாள்.)

காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நாற்காலிய விட்டு எழுந்திரிக்கக் கூடாது. அம்மா, அவரப் பிடிச்சு வை."

"நான் ஏம்மா எழுந்திரிக்கப் போறேன்? ஆணியெல்லாம் பாத்தியா?"

"ஒவ்வொண்ணையும் என் கையால தட்டிப் பாத்தேன்பா."

அவர் தலையாட்டிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார்.

முடிவு இரண்டு: லாரி மெல்ல நகர்கிறது, பாலம்...

5

அந்த வரியை முடிக்க என்னால் ஆகவில்லை. என் இடது கை அவர் பிடியில் இருக்கிறது, விரல் வலிக்கிறது. பிடித்து வைக்கச் சொன்னது என்னை, பிடித்திருப்பது அவர். இருவருமே எழுந்திருக்கப் போவதில்லை.

அக்கரையில் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். மகள் சரிவில் இறங்கிப் பாலத்துக்கு அடியில் போய்விட்டாள். அவளுடைய தொப்பி மட்டும் இங்கிருந்து தெரிகிறது.

எழுத்தாளர் நினைத்தால் ஒரே வரியில் லாரியை இக்கரை சேர்த்துவிடலாம். நான் அவளுக்கு அம்மா, எனக்குக் கை வரவில்லை. படிக்கிற நீங்களே லாரியை ஏற்றுங்கள். தயங்க வேண்டாம்.

கட்டியவள் கீழே நிற்கிறாள்.